ஓரம் மங்காத லென்ஸ்

பார்சல் ஆபீஸில் எடை போடுகிற வேலை அவருக்கு. அங்கே எல்லோரும் அவரை ‘கிராம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தராசோடு பழகிப் பழகி, கையில் எதை வாங்கினாலும் எடை சொல்லிவிடுவார். மனைவி டீ டம்ளரை நீட்டினால்கூட, “இன்னைக்குக் கொஞ்சம் குறைச்சலா இருக்கே” என்பார்.

“குறைஞ்சது என் பொறுமைதான்” என்று அவள் உடனே திருப்பிக் கொடுப்பாள்.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு கேமரா. வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். எந்த லென்ஸைக் கொண்டுபோவது என்று அதற்கு ஒரு மாதம் முன்பே வீடு ரெண்டுபடும். தூரத்தை இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸ் கழுத்தை ஒடித்துவிடும். அகல லென்ஸ் ஒரு மலையையே அப்படியே அள்ளிக்கொள்ளும். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற சின்ன லென்ஸ், மனித முகத்துக்கென்றே செய்தது. சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, யோசித்து, மறுபடியும் வைப்பார். மாவு நிறுக்க வந்தவள் கிண்ணத்தோடு காத்து நிற்பாள்.

“அந்தச் சின்னதையும் எடுத்துக்கங்களேன். பாக்கெட்ல ஒரு மூலையில கிடக்கும்.”

“ஊர் பாக்கப் போறோமா, மூஞ்சி பாக்கப் போறோமா? ஒண்ணு போதும்.”

ஒவ்வொரு தடவையும் அகல லென்ஸே ஜெயித்தது.

போன இடத்தில், “அந்தத் தூண்கிட்ட போய் நில்லு. அப்பத்தான் அது எவ்வளவு பெருசுன்னு தெரியும்” என்பார். அவளும் முணுமுணுத்துக்கொண்டே போய் நிற்பாள். பாறை, பாலம், அருவி, எதுவானாலும் அதன் பக்கத்தில் நகத்தளவுக்கு அவள் இருப்பாள். பார்த்தவர்கள் பாலத்தைப் புகழ்ந்தார்கள். இவருக்குத் தலைகால் புரியாது.

புது லென்ஸ் வாங்கினால் வீட்டிலேயே சோதனை. செய்தித்தாளை விரித்துப் படமெடுத்து, ஓரத்து எழுத்து மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டினால் சுண்ணாம்பு பெயரும், வீட்டுக்காரர் குதிப்பார். அதனால் ஜன்னலோரம் அவள்தான் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கை வலிக்குது என்றால், “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்பார். அந்த இன்னும் ஒண்ணு லேசில் முடியாது.

போன குளிர்காலத்தில் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போன பிறகு மகள் கேட்டாள்: “அப்பா, ஹால்ல மாட்ட அம்மா படம் ஒண்ணு வேணும். உங்ககிட்டதான் குவிஞ்சு கிடக்குமே.”

குவிந்துதான் கிடந்தன. இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கினார்கள். முகம் தெரிவதற்குள் அது வெறும் புள்ளிகளாக உடைந்து போயிற்று. தூணில் செதுக்கிய இலையின் நரம்புகூடத் தெரிந்தது, அவள் கண் தெரியவில்லை. மகள் அடுத்த படத்தைத் திறந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பாவி, இத்தனை ஊர் கூட்டிப்போனேன், ஒரு தடவை இவளைப் பார்த்தேனா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியாகச் சோதனைப் படங்கள் வந்தன. விரித்த செய்தித்தாள், அதன் இரு பக்கமும் அவள் விரல்கள். கட்டைவிரலில் எண்ணெய் தெறித்த தழும்புகூடப் பளிச்சென்று இருந்தது. மகள் திரையில் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஒரு தடவைகூடவா அம்மா பேப்பரைக் கீழ இறக்கலை?”

இறக்கினாள். சின்ன லென்ஸ் வாங்கி வந்த அன்று, கைவலி தாங்காமல் தாளைத் தாழ்த்தி, “போதும் சாமி, நான் என்ன ஸ்டாண்டா?” என்று வாய்விட்டுச் சிரித்தாள். அதே நொடியில் அவரும் பட்டனை அழுத்திவிட்டார். படம் முழுக்க அவள் முகம்தான். அந்த லென்ஸ் அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் வரவே இல்லை.

“இறக்கினாம்மா. ஒரே ஒரு தடவை.”

“அந்தப் படம் எங்கப்பா?”

“பேப்பர் ஆடிப்போச்சும்மா. எழுத்து ஒண்ணுகூடப் படிக்க முடியலை. அழிச்சுட்டேன்.”