கொட்டை பழுக்கும் வரை

பங்குனி மாதம், வியாழக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து காரில் புறப்பட்டேன். சென்னை விமான நிலையத்துக்கு நூற்றெண்பது கிலோமீட்டர், வாடகை நாலாயிரத்து ஐந்நூறு.

"எந்த ஊருக்கும்மா?" என்றார் ஓட்டுநர்.

"ஆஸ்திரேலியா பக்கம், டாஸ்மேனியா. எம் பொண்ணு அங்க ஒயின் செய்யற தோட்டத்துல இருக்கா."

கண்ணாடியில் என் விபூதியைப் பார்த்தார். "ஒயினா?"

"ஏன், திராட்ச சாமிக்கு ஆவாதா?" என்றேன். செஞ்சி தாண்டும்வரை அவர் ரேடியோவில் சாமிப் பாட்டு வைத்தார்.

மூன்று விமானம் மாறி, வெள்ளி சாயங்காலம் ஹோபார்ட்டில் இறங்கினேன். மகள் செல்வி வந்திருந்தாள். தோட்டம் அங்கிருந்து அரை மணி நேரம்.

சனிக்கிழமை காலை ஆறு டிகிரி குளிர். சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினேன். பறவைக்காக வலை போர்த்திய வரிசைகள், உள்ளே கறுத்த சின்னக் கொத்துகள். ஒரு பழத்தை வாயில் போட்டேன். நல்ல இனிப்பு.

"பழுத்துடுச்சேடி!"

"கொட்டை இன்னும் பச்சம்மா. வெயில் ஊர்ல இனிப்பு ஓடி வந்துடும், புளிப்பு செத்துப்போவும். இந்தக் குளிர்ல எல்லாம் மெதுவாத்தான். புளிப்பும் நிக்கும், வாசனையும் ஏறும். காத்திருக்கணும், அவ்ளோதான்."

மேல்சரிவை எப்போது அறுப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை முதலாளி இந்த வருஷம்தான் முதல்முறையாக அவளிடம் விட்டிருந்தார். செவ்வாயன்று மழை என்றது போன். நனைந்த பழம் வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

"நாளைக்கே பறிச்சுடு."

"புதன்கிழமை பாக்கலாம்மா."

"மழை ஜாஸ்தியானா இன்னா பண்ணுவ?"

"அப்பாவையும் இப்படித்தானே வெரட்டின?"

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். எங்கள் நிலத்தில் மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். என் வீட்டுக்காரர் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தார். "உள்ள இன்னும் வெள்ளையா கீதுடி. கறுக்கட்டும். நாலு நாள் போவட்டும்." வானத்தைப் பார்த்துப் பயந்து, மறுநாளே நான் ஆள் வைத்துப் பிடுங்கினேன். மேகம் செங்கம் பக்கம் போய்விட்டது. காய்ந்ததும் பருப்பெல்லாம் சுருங்கிக் கிடந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை மழை வந்தேவிட்டது. செல்வி ஜன்னலைவிட்டு நகரவில்லை; சோறு ஆறிப்போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு மணி நேரத்தில் மழை விட்டு, காய்ந்த குளிர்காற்று எழுந்து ராத்திரி முழுக்க வரிசைகளை உலர்த்தியது.

புதன் காலை அவள் ஒரு பழத்தைச் சப்பி, கொட்டையை உள்ளங்கையில் துப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அப்படியே அவர். கொட்டை பழுப்பேறி, கடித்தால் மொறுமொறுவென்று உடைந்தது.

"நாளைக்கு அறுக்கலாம்" என்றாள்.

வியாழனன்று நானும் கத்தரிக்கோல் பிடித்து இரண்டு கூடை அறுத்தேன். பழத்தைத் தொட்டியில் கொட்டி மூடி வைக்கிறார்கள். புளிக்க வைக்கத் தோலில் இருக்கும் ஈஸ்ட்டே போதுமாம், வேறெதுவும் சேர்ப்பதில்லை. பழைய ஒயினைக் கோப்பையில் ஊற்றி நீட்டினார் முதலாளி. நான் தொடவில்லை. அன்று பிழிந்த சாற்றைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் புளிப்பு வந்து நெடுநேரம் நின்றது.

வைகாசியில் ஊர் திரும்பினேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் என் அண்ணன் மகன் குமார் வந்து நின்றான்.

"அத்த, வானம் கறுக்குது. நாளைக்கு மல்லாட்ட புடுங்க ஆள் சொல்லிடட்டா?"

வரப்பிலிருந்து இறங்கி ஒரு செடியைப் பிடுங்கினேன். காயை உடைத்தேன். ஓட்டுக்குள் பாதிதான் கறுத்திருந்தது.

"நாலு நாள் போவட்டும்."

"நீங்களா சொல்றீங்க?" என்று சிரித்தான்.

"நான் இல்லடா, உங்க மாமா சொல்றாரு" என்றேன்.