புல் இல்லாத ஆற்றங்கரை

திருத்துறைப்பூண்டியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் நான் வேலை செய்தபோது, ஒரு மத்தியானம் அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலில் காய்ந்த சேறு. நெல் சாக்கில் சுற்றிய பழைய கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தார்.

“எம் பையன் ஆடுன கேமு. அதையே இப்பப் புதுசாக்கி விட்டிருக்காங்களாம். இதுல போட்டுக் குடுங்க தம்பி.”

“இது தாங்காதுங்க.”

“எப்படியாவது ஓட்டுங்க. நீங்க படிச்ச புள்ள.”

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தச் சொல்லைத் தட்ட எனக்கு வராது. பாரம் குறைய விளையாட்டின் காட்சியிலிருந்து நிழலை எடுத்தேன், தண்ணீரின் பளபளப்பை எடுத்தேன், புல்லையும் எடுத்தேன். மூன்றாம் நாள் விளையாட்டு திணறித் திணறி ஓடியது. அவரை வரச் சொன்னேன்.

“புல்லெல்லாம் எங்க தம்பி?”

“எடுத்தாத்தாங்க ஓடும்.”

“சுத்தமாக் களை எடுத்திருக்கீங்க” என்று சிரித்தார்.

திரையில், ஆற்றங்கரையில் விளையாட்டின் வீரன் நின்றுகொண்டே இருந்தான். அவர் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

“ஆடலீங்களா?”

“எனக்குத் தெரியாது தம்பி. அன்னைக்கு அவன் ஆடிக்கிட்டிருந்தான். மும்முனைக் கரண்ட் வந்துட்டுது, போய் வயல் மோட்டாரைப் போடுடான்னேன். ‘ரெண்டு நிமிஷம்ப்பா’ன்னான். வயரப் புடுங்கிட்டேன். கோவத்துல பைக்கை எடுத்துக்கிட்டுப் போனான். முத்துப்பேட்டை ரோட்டுல லாரி மோதி, பொணமாத்தான் வந்தான்.”

அந்த நேரம் பார்த்துத் தெரு முழுக்கக் கரண்ட் போனது. திரை இருண்டது.

அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டார்.

“நான் புடுங்கல தம்பி.”

கரண்ட் வந்ததும் விளையாட்டை மறுபடி போட்டுவிட்டேன். அவர் நாற்காலியை வயர் இல்லாத பக்கமாகத் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.