அம்பாசிடரின் பழுப்பு வயர்

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டின் தபால் இலாகா நான்தான். அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். “உங்கப்பா சாப்பிட வாராரான்னு கேளு கண்ணு” என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் போய் எதிரில் நின்று அதையே திருப்பிச் சொல்லும்வரை அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். “பசியில்லைன்னு சொல்லு சாமி” என்பார். அதுவும் அம்மாவுக்குக் கேட்கும். கணபதி பகுதியில் இருந்த எங்கள் வீடு அவ்வளவு சின்னது. முதலில் பெருமையாக இருந்த இந்த உத்தியோகம் சீக்கிரமே அலுத்துவிட்டது.

சண்டைக்குக் காரணம் வாசலில் நின்ற அம்பாசிடர் கார். அம்மாவைப் பெற்ற அப்புச்சி பொள்ளாச்சியில் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிற கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் அந்தக் கடையில் வேலை பார்த்தவள். அப்புச்சி இறந்த பிறகு கடை மாமாவுக்கு, கார் அம்மாவுக்கு என்று பேசி முடித்தார்கள். மாமா ஒரு நாள் காரை ஓட்டி வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போனார். அன்று முதல் அப்பாவின் பைக் தெருவில் நின்றது. காரும் பெரும்பாலும் நின்றபடிதான் இருந்தது. அம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

அப்பா பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருந்தார். பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிற திருப்பூர்க்காரர் ஒருவரை அங்கே யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஒரு புரோக்கர் மூலம் பேசி, வாக்கும் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சந்தோஷமான சேதியாக அதைச் சொன்னார். “காருக்கு நல்ல ஆளா ஒருத்தர் கெடச்சுட்டாரு. சேரின்னு சொல்லிப்போட்டேன்.” அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். “சேரிங்க” என்றுகூடச் சொல்லவில்லை. அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

திருப்பூர்க்காரர் வரும் நாள் நெருங்கியபோது, காரைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்ட நினைத்த அப்பா, ரோட்டோரக் கடை ஒன்றில் அதற்குப் பாட்டுப் பெட்டி பொருத்திக் கொண்டுவந்தார். பட்டனைத் தட்டினால் நீல விளக்கு எரியும். எனக்கு மிகவும் பிடித்தது. வந்தவருக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்ததுமே, “இது என்னத்துக்குங்க? பழசு பழசாவே இருந்தாத்தானுங்க எங்களுக்கு வேணும்” என்றார். அப்பாவின் முகம் சுருங்கியது. என்றாலும் போட்டதற்கு ஒரு பாட்டாவது கேட்கட்டும் என்று அதை ஓடவிட்டார்.

திருப்பூர்க்காரர் ஓட்ட, பக்கத்தில் புரோக்கர், பின்னால் அப்பாவும் நானும். சத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். பாட்டு பாதி வார்த்தையில் நின்றது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. டேஷ்போர்டின் இடுக்கிலிருந்து புகை முதலில் ஊதுபத்திபோல மெல்லிசாக வந்து, பிறகு சாம்பிராணி போட்ட மாதிரி பொங்கியது. திருப்பூர்க்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினார். புரோக்கர் அவருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அப்பா என்னைத் தூக்கி வெளியே விட்டார். சாவியைத் திருப்பி அணைத்தார். புகை நிற்கவில்லை. பானட்டைத் திறந்து, பேட்டரியில் மாட்டியிருந்த தடித்த வயரை வெறும் கையாலேயே திருகிப் பிடுங்கினார். புகை மெல்ல அடங்கியது. சூடேறிய வயர் அவர் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தது.

கயிறு கட்டி இழுத்து வந்து காரை மறுபடி வாசலில் விட்டார்கள். “இனி இது பழைய இரும்புக்குத்தானுங்க போகும்” என்றார் புரோக்கர். அப்பாவும், அப்படியானால் நாளைக்கே ஆள் வரச்சொல்லுங்கள் என்றார். அம்மா வெளியே வந்தாள். முதலில் அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு காரை. பிறகு என்னைப் பார்த்து, “கையைக் கொழாத் தண்ணியில காட்டச் சொல்லு. இந்தக் கார் எங்கயும் போகாதுன்னும் சொல்லு” என்றாள். இரண்டையும் வரிசை மாறாமல் அப்பாவிடம் சொன்னேன். ஆள் வேண்டாம் என்று புரோக்கரை அனுப்பிவிட்டு அப்பா குழாயடிக்குப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா அலமாரியின் மேலிருந்து ஒரு ரெக்ஸின் பையை இறக்கினாள். ஈயம் பற்றவைக்கும் கோல், கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர்கள், ஒரு பழைய ஹெட்லைட் பல்பு எல்லாம் அதில் இருந்தன. அப்பாவின் பழைய சட்டை ஒன்றை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். காருக்குள் சாக்கை விரித்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தாள். வெளியே அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அப்பா கட்டுப்போட்ட கையோடு வாசற்படியில் உட்கார்ந்து, செய்தித்தாளைப் படிப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டர்கள் இருந்த பலகையை அம்மா கழற்றினாள். பின்னால் வயர்கள் ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டிக் கரிக்கயிறுபோலக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எங்கே போகிறது என்று துணிப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினாள். அந்தக் கரிக்கு நடுவிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை உருவினாள். மிச்சம் எல்லாம் கருகியிருக்க, நுனி மட்டும் புத்தம் புதுச் சிவப்பாக இருந்தது. பாட்டுப் பெட்டிக்குப் போன வயர். பியூஸ்கூட வைக்காமல் கரண்ட் காட்டும் மீட்டரிலிருந்து நேராக இழுத்து, கூரான தகர விளிம்பின் மேல் விட்டிருந்தார்கள். வண்டி குலுங்கக் குலுங்க விளிம்பு அதை அறுத்திருக்கிறது.

அம்மா அதை பானட்டின் மேல் வைத்தாள். “இது நம்ம வயரு இல்லைன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு.”

சொன்னேன். அப்பா எழுந்து வந்து வயரைப் பார்த்தார். முதல்முறையாகப் பதில் இல்லாமல் திரும்பிப் போனேன்.

பேட்டரியிலிருந்து மீட்டருக்கு வருகிற தடித்த பழுப்பு வயர்தான் முக்கியமானது, அதை முழுசாக மாற்றவேண்டும், அதே தடிமனில் அதே நிறத்தில் வாங்கிவர வேண்டும் என்று அம்மா என் மூலம் சேதி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த கடையைத் தேடி அப்பா எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்தார். யாரும் கேட்காமலேயே ஒரு பியூஸும் அதை மாட்டும் கூடும் சேர்த்து வாங்கியிருந்தார். அம்மா பியூஸைக் கையில் வைத்து ஒரு கணம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு வயர்களை எல்லாம் பற்றவைத்து டேப் சுற்றி முடித்தாள். ஆனால் பேட்டரியை நேராக இணைக்கவில்லை. பேட்டரிக்கும் வயருக்கும் நடுவில் அந்த ஹெட்லைட் பல்பை மாட்டினாள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரிந்தால், வயர் இன்னும் எங்கோ தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பல்பு பளிச்சென்று எரிந்தது.

அம்மா மறுபடி உள்ளே படுத்து ஒவ்வொரு வயராகக் கழற்ற, பல்பை அப்பா பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் நான். “எரியுதான்னு கேளு.” “எரியுதுன்னு சொல்லு.” “இப்ப?” “இப்பவும் எரியுதுன்னு சொல்லு.” பானட்டுக்கும் கதவுக்குமாக ஓடி ஓடி எனக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் உத்தியோகம் போயிருந்தது.

“இப்பங்க?”

“எரியுது.”

“இப்ப பாருங்க.”

“எரியுது அம்மணி. கழுத்து வலிக்கும், செத்த எந்திரிச்சுக்க.”

“இருங்க, இன்னொண்ணு இருக்குது. இப்ப?”

“அணைஞ்சுபோச்சு!” அப்பா கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

லைட் சுவிட்சுக்குப் போகும் கிளை வயர் ஒன்று, மீட்டர் பலகைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உருகித் தகரத்தோடு ஒட்டியிருந்தது. அம்மா அதையும் மாற்றி, சட்டைப் பையிலிருந்த பியூஸையும் பொருத்தினாள். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பா முன்னாலும் பின்னாலும் நடந்து, “ரைட்டு எரியுது, லெப்ட்டு எரியுது, பிரேக் லைட்டும் எரியுது” என்று என் பங்குக்கும் சேர்த்து அவரே சொன்னார்.

அம்மா இறங்கி நெற்றியில் கரியோடு நின்றாள். அப்பா அவளுக்குக் கை துடைக்க ஒரு துணியை நீட்டினார். பிறகு, “உன்னைக் கேக்காம வாக்குக் குடுத்துருக்கக் கூடாது. உன்ற கார். என்ன பண்ணலாம்னு நீ சொல்லு. வேண்டாம்னா அந்தாளுகிட்ட நானே சொல்லிப்போடறேன்” என்றார்.

அம்மா கையைத் துடைத்தபடி, “அவருக்கே குடுத்தர்லாமுங்க. நிக்கவெச்சுக்கிட்டே இருந்தா எலி கடிச்சே வீணாப்போயிரும்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்பறம் எதுக்கு இத்தன நாளா சண்டை போட்டீங்க?” என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

திருப்பூர்க்காரரிடம் அம்மாவே போனில் பேசினாள். அவர் தயங்கித் தயங்கித்தான் வந்தார். கருகியது எது, மாற்றியது எது, ஏன் கருகியது என்று அம்மா மீட்டர் பலகையைக் கழற்றிக் காட்டினாள். பாட்டுப் பெட்டியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் குனிந்து பார்த்து, “கம்பெனியில வந்த மாதிரியே இருக்குதுங்க” என்று சொல்லிக் காரை ஓட்டிக்கொண்டு போனார். தெரு திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தாள் என்றுதான் நினைவு. அப்பா பைக்கைத் தெருவிலேயே விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, நான் வெளியே வரவே இல்லை.

காரைக் காப்பாற்றத்தான் அம்மா அத்தனை நாள் பேசாமல் இருந்தாள் என்று நான் நம்பியிருந்தேன். காப்பாற்றிய பிறகு அதைக் கொடுத்தது எனக்கு அப்பட்டமான துரோகமாகப் பட்டது. அவள் மேல் அந்தக் கோபம் எனக்கு வெகுகாலம் இருந்தது.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள், என் கணவர் ஆபீசிலிருந்து உற்சாகமாக வந்து, நாங்கள் குடிபோவதற்கு வீடு ஒன்றைப் பார்த்து முடிவுசெய்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். படம் காட்டினார். காற்றோட்டமான வீடு, பெரிய ஜன்னல்கள், பின்னால் ஒரு முருங்கை மரம். மறுநாள் காலைவரை அவரோடு எனக்குப் பேச்சே வரவில்லை. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வீடு பிடிக்கவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அது எனக்குப் பிடித்த வீடுதான்.