கிபிரின் முதுகு

என் அக்கா புருஷன் வடக்கில் பிறந்தவர். அவரை நான் மச்சான் என்று கூப்பிடும்போதெல்லாம், "எங்கட பக்கம் அத்தான் எண்டுதான் சொல்லோணும்" என்பார். "உங்க பக்கம் வர்றப்ப சொல்றேன்" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் வழக்கு, இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அவருக்குக் கண்டி டவுனில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை. எனக்குப் பிலிமத்தலாவையில் ஒரு கராஜில் பெயிண்ட் அடிக்கிற வேலை. த்ரீவீல், வேன், எப்போதாவது ஒரு பஸ். அக்காவும் நானும் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அக்கா நன்றாகப் படித்தாள். நான் ஓ.எல். பரீட்சை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தவன். இப்போது மூன்று பேரும் கராஜுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில், தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம்.

அக்கா பிள்ளை உண்டாகியிருந்த சமயம். ஒரு நாள் மூவரும் பேராதனை பஸ் ஹோல்ட்டில் நின்றோம். கண்டியில் புத்தர் பல் இருக்கும் மாளிகைக்குப் பெரிய ஆட்கள் யாராவது வந்தால் எங்கள் பக்கம் ஹெலி பறக்கும். மலைக்கு நடுவில் அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வரும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. நான் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் இரண்டு பேரையும் காணோம். மச்சான் அக்காவை இழுத்துக்கொண்டு மதிலோரத்தில் குப்புறக் கிடந்தார். அவருடைய ஒரு கை அக்காவின் தலைமேல் இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுக்க வேடிக்கை பார்த்தது.

"என்னா மச்சான், ஏதாச்சும் கீழ விழுந்துருச்சா, தேடுறீங்க?" என்று கேட்டேன்.

சிரிக்கவில்லை. எழுந்து அக்காவின் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அக்காவுக்கு முழங்கால் தோல் உரிந்து ரத்தம். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது அவள் திட்டவில்லை, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புள்ள பொறந்த பொறவும் இப்படித்தான் இழுத்துப் போடுவீங்களா?"

மச்சான் கதிரையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அதுக்கு முதல் இதை முடிக்கோணும்" என்றார்.

எதை, எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் திகனைக்குக் கூட வரச் சொன்னார். அங்கே விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாராம். நானா உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தூசியை ஊதிவிட்டு வைத்தார். பெட்டிமேல் ஒரு யுத்த விமானத்தின் படம். முக்கோண இறக்கை, ஊசி மூக்கு.

"இதொன்டுதான் ஈந்திச்சி தம்பி. வெளிநாட்டுலேந்து வந்தது. ஒடஞ்சா இன்னொன்டு கேட்டு வர வாணாம்."

"கிபிர்" என்றார் மச்சான், பெட்டியைத் தொடாமலே.

அந்தப் பெயரை நானும் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில், வடக்கில் கிபிர் குண்டு போட்டது என்று செய்தியில் வரும், அதோடு சரி. எங்களுக்கு மேலே மழைமேகத்தைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை. பஸ்ஸில் வரும்போது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மச்சான் சொன்னார்.

"நான் பாத்தது இதிண்ட அடிவயித்தை மட்டும்தான். பங்கருக்குள்ள மல்லாக்கக் கிடந்து பாத்தது. மேல்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு இண்டைவரைக்கும் தெரியாது. அதையும் பாத்திட்டன் எண்டா சரியாப் போயிடும் எண்டு ஒரு நினைப்பு."

பஸ் குலுங்கியபோது பெட்டி சரியாமல் நானும் ஒரு கை பிடித்துக்கொண்டேன்.  

பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானமே இல்லை. சாம்பல்நிறச் சட்டங்களில் துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், சக்கரங்கள் பயறு மாதிரி. எப்படி ஒட்டுவதென்று காட்டும் புத்தகத்தில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். "மச்சான், இது எனக்குன்னே அடிச்ச புஸ்தகம்" என்றேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இதுவா இத்தன பாடு படுத்துனது? கறிக்கு மீன் முள்ளு எடுத்து வச்ச மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வாசல் மேசையில் வேலை நடந்தது. ஒட்டுவது அவர். போனுக்குள் கண்ணுக்குத் தெரியாத சாமான்களையெல்லாம் ட்வீசரால் பிடித்து வைக்கிற கை அது. நெற்றியில் லைட் மாட்டிக்கொண்டு, ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைச் சுரண்டி, பசை தொட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வைப்பார். முதல் நாள் அந்தக் கை நடுங்கியது. போன் கடையில் நடுங்கி நான் பார்த்ததில்லை. பசை வழிந்து மேசையெல்லாம் ஒட்டியது. அடுத்த ஞாயிறு நடுக்கம் குறைந்திருந்தது. சாமான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு உடம்பாக ஆவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலையில் குப்பை மாதிரி கிடந்தது, சோறு தின்னப் போகும் நேரத்தில் பாய்கிற மாதிரி நிற்கும்.

ஒரு தரம் சட்டத்தின் மூலையிலிருந்து ஏதோ ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். ட்வீசர் நுனியில் ஒரு மனுஷன். உட்கார்ந்த வாக்கில், கை இரண்டும் மடியில், தலை மிளகளவு.

"இதுக்குள்ள ஒரு ஆள் இருந்திருக்கு" என்றார்.

"ஆள் இல்லாம எப்படி மச்சான் ஓடும்? அது என்னா பட்டமா?"

"தெரியும். ஆனா கிபிர் வருது எண்டுதான் எல்லாரும் கத்துவினம். ஆள் வாறான் எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை."

அந்தப் பொம்மைக்கு முகம் தீட்டுவதற்கு மட்டும் ஒரு பொழுது போனது. என்ன நிறம் என்று என்னைக் கேட்டார். "நம்ம நெறமே குடுங்க, வேற எங்க போயி தேடுறது" என்றேன். ஈர்க்குச்சியைச் சீவி, அதன் நுனியால் மண்நிறத்தைத் தொட்டு வைத்தார். கண் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். கடைசியில் இரண்டு புள்ளி வைத்தார். "எங்க பாக்கிறான் எண்டு தெரியோணும்" என்றார். அதை உள்ளே வைத்து, கண்ணாடி மூடியை ஒட்டினார். பிறகு வெகுநேரம் வெளியிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயிண்ட் என் பொறுப்பு. பெட்டிப் படத்தில் அடிவயிறு வெளிர்சாம்பல், மேலே பச்சையும் மண்நிறமும் திட்டுத்திட்டாக இருந்தது. லீவு நாளில் கராஜைத் திறக்க முதலாளியிடம் கேட்டு வைத்தேன். இரண்டு பேரும் விமானத்தை ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். குழந்தையைக் கிளினிக்குக் கொண்டுபோகிற மாதிரி மச்சான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எதற்குப் பெயிண்ட் அடிப்பதானாலும் முதலில் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கை எண்ணெய் பட்டிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. தகரம், பம்பர், எதுவானாலும் துடைத்துத்தான் பழக்கம். பம்பரும் பிளாஸ்டிக்தானே, இத்தனை வருஷத்தில் ஒரு பம்பருக்கும் ஒன்றும் ஆனதில்லை. துணியை நனைத்து, இடது இறக்கையின் மேல்பக்கத்தை, வழக்கமான என் ஸ்டைலில், ஒரே இழுப்பாக இழுத்தேன்.

துணி ஒட்டிக்கொண்டது.

எடுத்துப் பார்த்தால் இறக்கையின் முதுகு பாகு மாதிரி குழைந்திருந்தது. அதில் இருந்த மெல்லிய கோடுகளெல்லாம் அழிந்துபோய், துணியின் நூல் தடம் பதிந்திருந்தது. வாழ்க்கை முழுக்க அவர் பார்க்காத பக்கம் அதுதான். இன்னொன்று வாங்கவும் வழியில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன செய்தனி?" என்றார்.

"தின்னர் மச்சான். பிரஷ் கழுவுறது. இதுக்குப் போயி உருகும்னு யாரு கண்டா."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் மெதுவாகத் தொட்டார். விரல் நுனியில் சாம்பல்நிறம் நூலாக வந்தது.

"பிரஷ் கழுவிற தண்ணிக்கே?"

"ஆமா."

"பிரஷ் கழுவிற தண்ணி பட்டு கிபிர் உருகிட்டுது" என்றார், யாருக்கோ செய்தி வாசிக்கிற மாதிரி. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மச்சான் சிரித்து நான் பார்த்திருக்கிறேன், பல் தெரியாமல் மரியாதையாகச் சிரிப்பார். இது வேறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, "இஞ்ச கேளும், உம்மட தம்பி கிபிரை உருக்கிப்போட்டான்" என்றார். மறுபக்கத்தில் அக்கா, "அவன் கையில எதத்தான் குடுக்கலாம்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

சிரித்து முடித்து எழுந்தார். குழைந்திருந்த இடத்தில் பெருவிரலை வைத்து, நிதானமாக ஓர் அழுத்து அழுத்தினார். ரேகையெல்லாம் தெரிய விரல் அடையாளம் விழுந்தது.

"மிச்சத்தைச் சரிப்படுத்து. இதை மட்டும் விடு."

பிளாஸ்டிக் இறுகும்வரை நாள்கணக்காக வைத்திருந்து, பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். அடிபட்ட த்ரீவீலுக்குச் செய்யும் வேலைதான், ஆனால் ஒற்றை விரலால் செய்ய வேண்டியிருந்தது. அழிந்த கோடுகளை ஊசியால் கீறினேன். விரல் அடையாளத்தைச் சுற்றி வரும்போது மூச்சுக்கூட விடவில்லை. பிறகு போர்ட் எழுதும் எனாமலை டர்பன்டைனில் கரைத்து, பனி விழுகிற மாதிரி லேசாக அடித்தேன். முதலில் வயிறு. அந்தச் சாம்பலைக் கலக்கும்போது மச்சான் பக்கத்திலேயே நின்றார். "இன்னும் கொஞ்சம் நீலம். இன்னும். நிப்பாட்டு." பெட்டிப் படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மேல்பக்கம் பச்சையும் மண்ணும் ஏறியதும், கடைசிக் கோட் பளபளப்பாக அடிக்கத் தயாரானேன்.

"பொறு. அது மினுங்கிறதில்லை" என்றார்.

"எங்க கராஜுலேந்து மினுங்காம ஒண்ணும் வெளிய போனதில்ல மச்சான். என் பேரு கெட்டுப் போயிரும்."

"மினுங்கினா தூரத்திலயே தெரியுமடா."

"தெரியட்டுமே. கீழ இருக்குறவன் நேரத்தோட பாத்துட்டு ஓடிப் போவான்ல."

நான் சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப நல்லா மினுங்கட்டும்" என்றார்.

அடித்தேன். இதுவரை எத்தனையோ வண்டிக்கு அடித்திருக்கிறேன், இந்த மாதிரி ஒரு பளபளப்பு என் கையிலிருந்து வந்ததில்லை. முதுகில் கராஜ் கூரை தெரிந்தது, அதன் ஓட்டை வழியாக வானமும் தெரிந்தது. விரல் ரேகை அந்தப் பச்சைக்கு அடியில், தண்ணீருக்குள் கிடக்கும் சிப்பி மாதிரி இருந்தது.  மச்சான் சுற்றிச் சுற்றி வந்து மேலேயிருந்து பார்த்தார். ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறியும் பார்த்தார்.

"என்னா மச்சான், எப்படி இருக்கு முதுகு?"

"வடிவா இருக்கடா" என்றார். அதைச் சொன்னதற்கு அவருக்கே ஆச்சரியம்.

வீட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தபோது பெயிண்ட் கையில் ஒட்டாத அளவுக்குத்தான் காய்ந்திருந்தது. கராஜிலிருந்து எந்த வண்டி வெளியே போனாலும் சக்கரத்துக்கடியில் எலுமிச்சங்காய் வைத்து ஏற்றித்தான் அனுப்புவோம். "இதுக்கும் வைக்கணும்" என்று நான் அக்காவிடம் கிண்டலாகச் சொன்னேன். அவள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்பக்கம் போய், பலாமரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியிலிருந்து ஒரு பச்சைச் சரத்தைப் பறித்து வந்தாள்.

"எலுமிச்சங்கா வச்சா இது மலை ஏறுற மாதிரி ஏறணும். இந்தச் சக்கரத்துக்கு இதுதான் அளவு."

ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பச்சைமிளகு. மேசையில் பார்த்தால் எலுமிச்சங்காயேதான். மச்சான் வாலைப் பிடித்துத் தள்ளப் போனார்.

அப்போது ஹெலி வந்தது.

இந்தத் தடவை மிகவும் தாழ்வாக வந்தது. தகரம் முழுக்கக் கடகடவென்று ஆடியது. மேலேயிருந்து துருவும் ஒட்டடையும் உதிர ஆரம்பித்தது. அக்கா கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். மச்சான் சட்டென்று குனிந்தார். கீழே போகவில்லை. மேசைக்கு மேலாகக் குனிந்து, இரண்டு கையையும் விரித்து, நெஞ்சு படாமல், கிபிருக்குமேல் கூரை மாதிரி நின்றார். உதிர்ந்ததெல்லாம் அவருடைய தலையிலும் முதுகிலும் விழுந்தது. கையை எடுக்கவில்லை. சத்தம் மலைக்கு அந்தப்பக்கம் போகும்வரை அப்படியே நின்றார்.

நிமிர்ந்தபோது தலையெல்லாம் துரு. நாங்கள் இருவரும் பார்ப்பதைக் கண்டு, "தூசு பட்டா பெயிண்ட் பழுதாப் போயிடும்" என்றார்.

கேலிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை. நான் குனிந்து மேசையில் விழுந்திருந்த துருவை ஊதிவிட்டேன்.

அக்காதான் அவர் தலையைத் தட்டிவிட்டாள். "சரி, ஓட்டுங்க. நல்ல நேரம் போகுது."

அவர் தள்ளினார். கிபிர் மிளகுமேல் ஏறி, குதித்து, அந்தப்பக்கம் போய் நின்றது. மிளகு அப்படியே முழுசாகக் கிடந்தது. திரும்பப் பின்னால் இழுத்துத் தள்ளினார். திரும்பவும் அப்படியே.

"கனமே இல்லையடா இதுக்கு" என்றார்.

பிறகு முதுகில் அந்த அடையாளத்தின்மேலேயே பெருவிரலை வைத்து, அழுத்திக்கொண்டு தள்ளினார். பட்டென்று ஒரு மிளகு உடைந்தது. அந்தக் காரவாசம் மேசையெல்லாம் பரவி, அக்கா தும்மினாள்.