தண்ணீரைக் கொட்ட வந்தவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் துரை முதலில் மனிதர்களைப் பார்ப்பதில்லை. டார்ச்சை அடித்தபடி குனிந்தே போவார். பழைய டயர், தேங்காய் ஓடு, ஆட்டுக்கல் குழி, கடைசியாகத் தறிக்குழி. நெசவாளர் காலை விட்டு மிதிக்கும் அந்தக் குழிக்குள் தலையை நீட்டி, "உள்ள யாருப்பா குடித்தனம்?" என்று கொசுக்களை விசாரிப்பார்.

ஆரணித் தெருக்களில் கொசு மருந்து அடிப்பது அவர் வேலை. காக்கிச் சட்டைப் பையில் வறுத்த கடலை இருக்கும். மருந்துக் கையால் தின்னக் கூடாதென்று, அண்ணாந்து பொட்டலத்திலிருந்தே வாயில் கொட்டிக்கொள்வார். "உன் புகையால பட்டுல நாத்தம் ஏறுதுய்யா" என்று யாராவது திட்டினால் கோபப்படமாட்டார். "நான் ஊட்டுக்குள்ள போனா எங்க பூனையே எழுந்து வெளிய போயிடுதுங்க" என்பார்.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்தபோது ஊரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நெசவாளர் வேணுகோபாலுக்குப் பாதம் வீங்கித் தறி நின்றுபோனது. அவர் மனைவி பரிமளாவுக்கு மணிக்கட்டு மடங்கவில்லை. ஆனால் அவள் பயமெல்லாம் மகன் தமிழ்வாணனைப் பற்றித்தான். பதினேழு வயது. ஆட்டிசம் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதிகம் பேசமாட்டான். கொல்லையில் வரிசையாகக் குடங்களை வைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அதில் வானம் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதில்தான் அவனுக்கு நிம்மதி. மூடி போடக் கூடாது. மருந்து ஊற்றினால் தண்ணீர் கலங்கும், அதுவும் கூடாது.

முதல்முறை வந்த துரை, வழக்கப்படி அத்தனை குடங்களையும் மளமளவென்று கவிழ்த்துவிட்டார். கொட்டிய தண்ணீரிலெல்லாம் கொசுப்புழு நெளிந்தது. தமிழ்வாணன் அலறிக்கொண்டு தன் கையைத் தானே கடித்தான். அதன்பின் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. சுவரில் தலையை மோதிக்கொண்டே இருந்தான். வீங்கிய கையால் பரிமளாவால் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே அவளும் அவனுமாகக் குடங்களை மறுபடி நிரப்பிய பிறகுதான் அவன் சோற்றைத் தொட்டான்.

அடுத்த வாரம் தெருமுனையில் காக்கிச் சட்டையைக் கண்டதும் அவள் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு லீலா சும்மா இருக்கவில்லை. "கொல்லையில கொசு வளத்து தெருவுக்கே உட்டுகினு இருக்கீங்க. எங்க மாமியா எழுந்து உக்கார முடியாம கெடக்குறாங்க" என்று வாசலில் நின்று கத்தினாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பரிமளா சாத்திய கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

கதவுக்கு வெளியே துரையின் குரல் கேட்டது. "எம்மா, அன்னிக்கு நான் போனப்புறம் புள்ள இன்னா பண்ணுச்சு?"

அப்படி அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. கதவைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டுத் துரை கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தண்ணிய அவனே கீழ ஊத்தினா உடுவானா?"

"ஒண்ண ஊத்தி, அத ரொப்பினப்புறம் அடுத்தத எடுத்தா ஒருவேளை உடுவாண்ணா. ஆனா பொழுதே போயிடும்."

"போவட்டுமே. கொசு இன்னா, பஸ் ஏறி ஓடிடப் போவுதா?"

அன்று காலை முழுக்க அவர் கொல்லையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உட்புறம் தேய்க்க வேண்டும் என்பதைத் தன் தூக்குச்சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் காட்டினார். தமிழ்வாணன் முதல் குடத்தைத் தொடவே வெகுநேரம் ஆயிற்று. பிறகு வாழைக்கு ஊற்றினான், தேய்த்தான், அடிபம்பில் நிரப்பினான், வானம் தெரிகிறதா என்று பார்த்தான். அதன்பிறகே அடுத்த குடம். துரைக்கு மேலே வேலை பார்க்கும் மேஸ்திரி வாசலில் சைக்கிளை நிறுத்திக் குரல் கொடுத்தார். "யோவ் துரை, மாமியா ஊடா இது? தெரு பூரா பாக்கி கீது."

"நீங்க போயிகினே இருங்க மேஸ்திரி. ஜல்தியா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே இருந்தார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை குடம் கழுவும் நாளாயிற்று. புழு இல்லை. தமிழ்வாணன் தூங்கினான், பரிமளாவும் தூங்கினாள். லீலாகூட ஒருநாள் தன் அண்டாவைக் கொண்டுவந்து வரிசையில் வைத்தாள். அவன் அதை வரிசைக்கு வெளியே தள்ளிவைத்தான். "ஐயாவுக்கு ரொம்பத்தான் கிராக்கி" என்று அவள் சிரித்துக்கொண்டே எடுத்துப்போனாள். துரைக்கு நன்றி சொல்ல பரிமளா வாயெடுத்த போதெல்லாம் அவர் டார்ச்சைத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

மழைக்காலத்தில் துரைக்கே காய்ச்சல் வந்தது. இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை. தமிழ்வாணன் தானே கழுவினான். மூன்றாவது வெள்ளி, வீங்கிய கணுக்காலோடு நொண்டிக்கொண்டு வந்தவர் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றார். தமிழ்வாணன் அவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக முடித்தான். கடைசிக் குடத்தருகே வந்ததும் அதைத் தொடாமல் விலகி நின்றான்.

பரிமளாவுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. "உங்களுக்குத்தாண்ணா" என்றாள்.

துரை பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். வாழைக்கு ஊற்றினார், தேய்த்தார், நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். தமிழ்வாணன் எட்டிப் பார்த்தான். தண்ணீர் இரண்டு விரல் குறைந்திருந்தது. சொம்பில் தண்ணீர் எடுத்து அவரிடம் நீட்டினான். துரை அதை இரண்டு கையாலும் வாங்கி, குடத்துத் தண்ணீர் தளும்பாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு, விளிம்புவரை ஊற்றினார்.