சம்பந்திக்கு ஓட்டுக் கேட்டவர்

என் மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் 'சலவை அக்கா' என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்த டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். கட்டடத்தின் அடித்தளத்தில் நான்கு பெரிய சலவை இயந்திரங்கள், மூன்று உலர்த்திகள், இருபத்தாறு பெண்கள். எல்லாவற்றையும் முப்பத்தொரு வருடமாக அவர்தான் மேய்த்து வந்தார். இயந்திரம் போடும் சத்தத்தை வைத்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தச் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகியதில் அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. வீட்டில் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

அவர் பெரிய கட்சி. என் அப்பா சின்ன கட்சி. இரண்டும் தொழிலாளர் கட்சிகள்தான். கொடியில் ஒரு விரல் அகலத்துக்கு நிறம் மாறும், அவ்வளவுதான். இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு ஒரே கட்சியாக இருந்து பிரிந்தவர்கள். பிரிந்த பிறகு முதலாளிகளைத் திட்டியதைவிட ஒருவரையொருவர் திட்டியதுதான் அதிகம். அப்பா ரயில்வே சிக்னல் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்ன கட்சியின் ஊர்ச் செயலாளர். இப்படிப்பட்ட இரண்டு பேர் வீட்டுப் பிள்ளைகளான நானும் என் மனைவியும் எங்கே சந்தித்தோம் என்றால், இரண்டு கட்சி ஊர்வலங்களும் ஒரே தெருமுனையில் முட்டிக்கொண்டு நின்றபோதுதான்.

எங்கள் திருமணத்தில் இருவரும் ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேசினார்கள். வாழ்த்தினார்கள் என்று சொல்ல முடியாது. சாப்பாடு ஆறியதுதான் மிச்சம். அதன் பிறகு மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். எட்டு வருடம் இப்படியே ஓடியது.

அப்போதுதான் மெத்தைக் கடைக்காரர் அரசியலுக்கு வந்தார். கடைத்தெருவில் பெரிய மெத்தைக் கடை வைத்திருந்தவர். சிரித்த முகம், கணீரென்ற குரல். 'நம்மவர் படை' என்று ஒன்றை ஆரம்பித்தார். வாடகை ஏறினாலும், வேலை கிடைக்காவிட்டாலும், பேருந்து தாமதமானாலும் அவருக்கு ஒரே பதில்தான்: வெளியிலிருந்து வந்தவர்களால்தான் எல்லாம். அந்த வருட நகரசபைத் தேர்தலில் பெரிய கட்சிக்கு 1,912 ஓட்டு, சின்ன கட்சிக்கு 1,740, மெத்தைக்காரருக்கு 2,006. அவர் உறுப்பினர் ஆனார். எங்கள் இரு கட்சிக்காரர்களும் யாரால் தோற்றோம் என்று ஒரு மாதம் சுவரொட்டியில் அடித்துக்கொண்டார்கள்.

மாமியாரின் சலவைப் பிரிவில் பதினோரு பெண்கள் வேறு ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான்கு வருடம் கழித்து அடுத்த தேர்தல் நெருங்கியபோது, மெத்தைக்காரரின் ஆட்கள் வேலை மாறும் நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒலிபெருக்கியோடு நிற்க ஆரம்பித்தார்கள். "நீங்க படுக்கிற விரிப்பை யார் கை தொட்டதுன்னு தெரியுமா?" என்று கேட்பார்கள். அந்தப் பெண்கள் கொதிகலன் அறைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவு வழியாக வர ஆரம்பித்தார்கள். மாமியாருக்கு இது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மறுநாள் காலை தெருமுனையில் நின்று பதினோரு பேரையும் சேர்த்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே அழைத்துப் போனார். ஒலிபெருக்கிக்காரன் வாயைத் திறந்தான். மாமியார் வெறும் தொண்டையில் "வழி விடுப்பா, வேலைக்கு நேரமாச்சு" என்றார். அவன் வழி விட்டான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

ஆனால் அவரை உலுக்கியது வேறு. ஒரு நாள் தேநீர் இடைவேளையில், இஸ்திரி போடும் பெண்ணிடம், "அந்த ஆளுக்கு யார்தான் ஓட்டுப் போட்டாங்களோ" என்று புலம்பியிருக்கிறார்.

"நான் போட்டேங்க்கா," என்றாள் அவள்.

மாமியார் கோப்பையைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருடமாகக் கூடவே வேலை பார்ப்பவள்.

"ஏம்மா?"

"உங்க கூட்டத்துக்கு வந்தா சின்ன கட்சியைத் திட்டுறீங்க. அவங்க கூட்டத்துக்குப் போனா உங்களைத் திட்டுறாங்க. என் வாடகையைப் பத்தி அந்தாள் ஒருத்தர்தான் பேசினாரு. அவர் சொன்னது பொய்யாவே இருக்கட்டும்க்கா. பேசினாருல்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வழக்கம்போலப் பின்வாசலுக்கு நகர்ந்தார். மாமியார் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நின்றார்.

"சம்பந்தி, உள்ள போய் உக்காருங்க. இந்தத் தடவை ரெண்டு கட்சியும் சேர்ந்து ஒரே ஆளை நிறுத்துறதைப் பத்திப் பேசணும்."

பேச்சு ஏழு வாரம் நீண்டது. ஒருவர் கட்சி அலுவலகத்தில் மற்றவர் கால் வைக்க மாட்டார் என்பதால் எங்கள் சாப்பாட்டு மேசைதான் மாநாட்டுக் கூடம். தேநீர் இலாகா என்னுடையது. முதல் இரண்டு வாரம் துண்டறிக்கையில் எந்தக் கட்சிப் பெயர் முதலில் வருவது என்பதிலேயே போனது. மூன்றாவது வாரம் பழைய கதை வெடித்தது. நில உச்சவரம்புத் தீர்மானத்தில் 'உடனடியாக' என்று போடுவதா, 'படிப்படியாக' என்று போடுவதா என்ற சண்டையில்தான் கட்சி உடைந்ததாம்.

"உங்க ஆளுங்க ஓட்டெடுப்புல ஏமாத்தினாங்க," என்றார் அப்பா.

"தோத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் மாமியார்.

அப்பா விறுவிறுவென்று போய்ப் பரணிலிருந்து அந்தக் காலத்துக் கூட்டக் குறிப்பேட்டை எடுத்து வந்து தூசி தட்டிப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமியார் குறிப்பேட்டைப் பிடுங்கி உரக்க வாசித்தார்: "நேரமின்மையால் இத்தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

ஓட்டெடுப்பே நடக்கவில்லை. அடுத்த கூட்டமும் நடக்கவில்லை. கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் அவரவர் மனதுக்குள் ஓட்டெடுப்பு நடத்தி முடிவும் அறிவித்துவிட்டார்கள். மாமியார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்பா சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை.

அதற்குப் பிறகு வேலை சுருக்காக நடந்தது. வாடகை, பேருந்து, ஆஸ்பத்திரியில் மருந்து என்று மூன்றே விஷயம் போதும் என்று முடிவானது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். நிற்பது யார்?

பெரிய கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம். அதனால் மாமியார்தான் நிற்பார் என்று எல்லாரும் நினைத்தோம். அவருக்கும் அந்த ஆசை பல வருடமாக உண்டு. இரண்டு முறை கட்சி ஆசை காட்டிவிட்டு வேறு ஆளை நிறுத்தியது. "அம்மா சுவரொட்டிக்குன்னு போட்டோகூட எடுத்து வெச்சிருக்காங்க" என்று என் மனைவி என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஏழாவது வாரம் மாமியார் வந்து உட்கார்ந்ததும் சொன்னார்:

"நீங்க நில்லுங்க சம்பந்தி."

அப்பா திகைத்துப்போனார். "அது நியாயமில்லையே. உங்களுக்குத்தானே ஓட்டு அதிகம்?"

"நான் கேட்டா என் ஆளுங்க உங்களுக்குப் போடுவாங்க. நீங்க கேட்டாலும் ரயில்வே குடியிருப்புல எனக்குப் போட மாட்டாங்க. ஜெயிக்கணுமா, வேணாமா?"

அது உண்மை என்பதுதான் அப்பாவுக்கு வெட்கமாக இருந்தது. மாமியார் அன்று தேநீர் குடிக்காமலே கிளம்பினார். வாசல்வரை போன என் மனைவி வெகுநேரம் திரும்பி வரவில்லை.

ஆனால் மறுநாளே அவர் தெருவில் இறங்கிவிட்டார். வேலை முடிந்ததும் படி ஏறி, கதவு தட்டி, தன் குரலில் சொன்னார்: "இவர் பிடிவாதக்காரர்தான், இல்லைங்கல. என்னோடயே இருபத்தாறு வருஷம் சலிக்காம சண்டை போட்டவரு. உங்க வாடகைக்காக நகரசபையில சண்டை போட மாட்டாரா?" இரண்டு மாடிக்கு மேலே இருப்பவர்களும் கேட்டார்கள். சிலர் அங்கிருந்தே, "சரிங்க அக்கா, கேட்டுச்சு" என்றார்கள். மூன்றாவது வாரம் இஸ்திரிப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். "இப்பதான் எங்க பேச்சைப் பேசுறீங்க" என்றாள்.

மெத்தைக்காரரும் சும்மா இருக்கவில்லை. அவருடைய ஓட்டும் 3,170 ஆக ஏறியது. எங்களவர்களில் சிலர், மற்ற கட்சிக்காரனுக்குப் போடுவதா என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஆனாலும் அப்பாவுக்கு 3,584.

ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் முடிவு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. அப்பா கூட்டத்தில் மாமியாரைத் தேடினார், காணவில்லை. சலவைப் பிரிவில் அன்று ஆள் குறைவு என்று வேலைக்குப் போயிருந்தார். கை குலுக்க வந்தவர்களை விட்டுவிட்டு அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி அடித்தளத்துக்குப் படி இறங்கினார். அங்கே நீராவியும் சத்தமும்தான். மாமியார் நிமிர்ந்து பார்த்து, "எவ்வளவு வித்தியாசம்?" என்றார்.

"நானூத்திப் பதினாலு."

"பரவால்ல. இதைப் பிடிங்க," என்று ஒரு விரிப்பின் இரண்டு மூலைகளை அப்பா கையில் கொடுத்தார்.

அப்பா மடித்தது கோணலாக வந்தது. பதினோரு பெண்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். இஸ்திரிப் பெண் வாங்கி உதறித் திரும்ப மடித்தாள்.

"அடுத்த தடவை நீங்கதான் நிக்கணும் சம்பந்தியம்மா," என்றார் அப்பா. இயந்திரச் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது. "எங்க குடியிருப்புல வீடு வீடா நான் போய்க் கேக்குறேன்."

மாமியார் கூடையிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்தார். "அதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. நாளையிலிருந்தே கேக்க ஆரம்பிங்க," என்றார்.