வெள்ளிக்கிழமை அரைத்த மாவு

இரண்டு வருடங்களுக்கு முன், உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சிறு தொழில் செய்பவர்களுக்கு இலவசமாகத் தொழில்நுட்ப உதவி செய்யும் மையம் ஒன்று எங்கள் கல்லூரியில் உண்டு. "யார் போறீங்க?" என்று பேராசிரியர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விடும். அப்படித்தான் மல்லசமுத்திரம் பக்கம், சத்துமாவு தயாரிக்கும் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"காசு வேண்டாம்னு வாரவீங்க எல்லாம் கடைசில மிக்ஸி விக்கத்தான் வாராங்க" என்று என் பையை எட்டிப் பார்த்தார் அவர் கணவர்.

"செத்த சும்மா இருங்க. நீ உள்ள வா அம்மிணி" என்றார் அக்கா.

உள்ளூர்க் கடைகளில் அவர் மாவுக்கு நல்ல பெயர். டவுனில், அஸ்தம்பட்டியில் ஒரு பெரிய கடை புதிதாக வாங்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து மட்டும் புகார்: கஞ்சி மருந்து வாடை அடிக்கிறது, குழந்தைகள் துப்புகின்றன. இன்னொரு புகார் வந்தால் சரக்கே வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அந்தக் கடையை நம்பித்தான் அக்கா பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரை வேலைக்கு வைத்திருந்தார்.

"அவிங்ககிட்ட நாளைக்கு வராதீங்கன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

திரும்பி வந்த பாக்கெட்டுகளைப் பிரித்து மாட்டுத் தவிட்டில் கலந்தாகிவிட்டது. வீட்டில் இருந்த மாவைக் கொண்டுபோய்ச் சோதித்தேன். ஈரப்பதம் சரி, பூஞ்சை இல்லை, வாடையும் இல்லை. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அஸ்தம்பட்டிக்குப் போகும் மாவை எப்போது அரைக்கிறார்கள் என்று போனில் கேட்டேன். சனிக்கிழமை சரக்கு போகும், அதனால் வெள்ளிக்கிழமை காலையில் அரைப்போம், உள்ளூர்க் கடைகளுக்குப் புதன்கிழமையே அரைத்துவிடுவோம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

மில்லிலிருந்து சூடாக வந்த மாவை அறையில் வெள்ளை வேட்டி விரித்து ஆறப் போட்டிருந்தார்கள். அக்கா தலைக்குக் குளித்து, தூபக்காலில் சாம்பிராணி போட்டு, வீடெல்லாம் காட்டிவிட்டு அந்த அறைக்கு வந்தார். மாவைச் சுற்றி மெல்ல நடந்தார். "இதத் திங்கற கொழந்தைங்க நோய்நொடி இல்லாம இருக்கோணும் சாமி."

சூடான மாவு எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். எனக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் முதல்முறையாக, கிடைத்த விடையைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுப்பில் இரண்டு கஞ்சி காய்ச்சினேன், ஒன்று புதன்கிழமை மாவில், மற்றது அன்றைய மாவில். தோட்டத்துப் பக்கம், புகை இல்லாத இடத்துக்கு அக்காவை அழைத்துப்போய் இரண்டையும் நீட்டினேன். இரண்டாவதை முகர்ந்தவர் புகை சூழ்ந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் போட்ட பொகைக்கா அந்தப் புள்ளைங்க துப்புச்சு?" கண் கலங்கிவிட்டது.

"புகை போடறத நிறுத்த வேண்டாங்க்கா. மாவு ஆறி, பாக்கெட் ஒட்டினப்புறம் போடுங்க. வேண்டுதல் பாக்கெட்டுக்குள்ள போயிடும், வாசம்தான் போகாது."

கேட்டுக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். "மிக்ஸி விக்க வந்த புள்ளைன்னு பார்த்தா, சாமிக்கே டைம்டேபிள் போட்டுருச்சு!" அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

அந்தக் கடைக்கு இன்றும் சனிக்கிழமை தவறாமல் மாவு போகிறது. அந்த இரண்டு பெண்களும் வேலைக்கு வருகிறார்கள்.

இப்போது இதுவே என் வேலை. யாருடைய தொழிலில் குறை தேடப் போனாலும், அவர்கள் எதை மிகுந்த பிரியத்தோடு செய்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். குறை ஒருவேளை அங்கேயே இருந்துவிட்டால், அதைத் தொடும் கை பதமாக இருக்க வேண்டுமே.